குலிசாரா, சூரியனா

குலிசார் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். எதற்குப் பயப்படமாட்டாள் என்று வேண்டுமானால் சொல்லிவிடலாம். பனிச்சரிவுக்குப் பயமில்லை. நாய்க்குப் பயமில்லை. தினம் காலையில் மின்ரயிலில் ஏறி, பக்சான் பள்ளத்தாக்கு மலையின் வயிற்றுக்குள் நான்கு கிலோமீட்டர் போய், அத்தனை பாறையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வேலை செய்யப் பயமில்லை. மற்றதெல்லாம் பயம்தான். வாசலில் வண்டி நின்றால் பயம். யாராவது அவள் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகக் கூப்பிட்டால் பயம். எதுவாவது குறைகிறது என்று யாராவது சொன்னால், அது பாலானாலும் விறகானாலும் சரி, பயம்.

அதற்குக் காரணம் அவள் அப்பா. போர்க்காலத்தில் ஒரு மார்ச் மாதக் காலையில், மாஸ்கோ உத்தரவில், இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவள் இனமான பால்கார் ஜனங்கள் மொத்தப் பேரையும் லாரியில் ஏற்றி, பிறகு சரக்கு ரயிலில் அடைத்து, கசாக் புல்வெளியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். என்ன குற்றம் என்று கேட்க நாதியில்லை. குலிசார் பிறந்ததே அங்கேதான். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை காய்ச்சுகிற பீட் கிழங்கை நிறுக்கும் எடைமேடையில் வேலை கொடுத்தார்கள். வயலில் எடை போட்டு அனுப்பிய கிழங்கு, ஆலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எடை குறைந்திருந்தது. வெயிலில் கிடந்தால் கிழங்கில் தண்ணீர் வற்றும், எடை குறையும். அது அங்கே ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். ஆனால் கிழங்கை யார் விசாரிக்கப் போகிறார்கள்? எடை போட்டவனைத்தான் விசாரித்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றது. அப்பாவை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆறு வயதுக் குலிசார் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வரவில்லை.

ஒரு பொருள் குறைந்தால் இந்தத் தேசம் பொருளைத் தேடாது, ஆளைத் தேடும் என்று அன்றைக்கே அவளுக்கு மனசில் பதிந்துவிட்டது. பிறகு ஜனங்களை ஊருக்குத் திரும்ப விட்டார்கள். அவள் வளர்ந்தாள், ஹிசிரைக் கட்டினாள், ஜன்னெத்தைப் பெற்றாள். பதிந்தது மட்டும் அழியவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். சூரியனிலிருந்து வருவது சரியாக வந்து சேர்கிறதா என்று எண்ணிப் பார்க்கிற வேலை.

சூரியனின் வயிற்றில் எரிகிற நெருப்பிலிருந்து நியூட்ரினோ என்ற துகள் கிளம்பி வருகிறது. மலை, மாடு, மனுஷன் எதையும் மதிக்காது. எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து மறுபக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். இதைப் படிக்கிற உங்கள் கட்டைவிரல் நகத்துக்குள் இந்த நொடியில் எத்தனையோ ஆயிரம் கோடி புகுந்து போய்விட்டன, உங்களுக்குத் தெரியாது. அதில் ஒன்று, அத்தி பூத்தாற்போல், காலியம் என்ற உலோகத்தின் அணுவில் முட்டி அதை ஜெர்மேனியம் அணுவாக மாற்றிவிடும். அதற்காகத்தான் மலைக்குள்ளே பெரிய தொட்டிகளில் டன் கணக்கில் காலியத்தை உருக்கி வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை அதில் அமிலத்தை ஊற்றிக் கலக்குவார்கள். உலோகம் அடியில் தங்கியதும், மேலே நிற்கிற அமிலநீரைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரில்தான் ஜெர்மேனியம் இருக்கும். அதை எண்ணினால், சூரியன் எவ்வளவு அனுப்புகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். எண்ணினால் என்றால் லட்சம், கோடி இல்லை. டன் கணக்கான உலோகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில அணுக்கள்.

குழாயைப் பிடிப்பது குலிசார். மயிரிழை கீழே இறங்கினால் உலோகமும் சேர்ந்து வந்துவிடும். மயிரிழை மேலே நின்றால் அமிலநீர் மிஞ்சிப்போகும். பாலில் ஏடு எடுக்கிற கை அவளுக்கு. அதனால்தான் அந்த வேலைக்கு எடுத்தார்கள். மலைக்குள் பாறையே சுடும். வெளியே மூக்கு உறைகிற பனியிலிருந்து உள்ளே போனால் கவுனுக்குள் வேர்த்து வழியும். தொட்டிக்கூடத்துக் கதவில் காவல்காரன் கேட்கிற முதல் கேள்வி, "கரண்டி இருக்கா?" என்பதுதான். காலியம் பட்டால் அலுமினியம் பொடிப்பொடியாய் உதிர்ந்துவிடும். கேன்டீனில் இருந்த கரண்டியெல்லாம் அலுமினியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறதியாகப் பையில் போட்டு வருகிறவர்கள் உண்டு. குலிசாரின் பையில் ஒருநாளும் இருந்ததில்லை. ரயிலில் ஒருதரம், இறங்கி ஒருதரம், கதவுக்கு முன்னால் ஒருதரம் பையைத் துழாவிக்கொள்வாள். காவல்காரனுக்கு அவளைப் பார்த்தாலே சிரிப்பு.

அந்தக் குளிர்காலத்தில்தான் முதல் எண்ணிக்கை வந்தது. கணக்குப்படி வரவேண்டியதில் பாதிகூட இல்லை. அடுத்த மாதம் அதற்கும் கீழே. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று சொல்கிற மாதிரி.

தொட்டிக்கூடத்துத் தலைவர் வதீம் அர்கதியேவிச் மாஸ்கோக்காரர். நல்ல மனுஷன். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்று சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் ரயிலில் வெளியே வரும்போது, ரயிலை ஓட்டுகிற ஹிசிர் பேச்சுக்குக் கேட்டு வைத்தான்.

"என்னங்க, எவ்ளோ குறையுதாம்?"

"பாதிக்கு மேலய்யா. ரெண்டே வழிதான். ஒண்ணு உன் பொண்டாட்டி கை ஒழுகுது. இல்லேன்னா சூரியன் அணையுது. நீயே சொல்லு, யாரைப் பிடிக்கலாம்?"

ரயிலே சிரித்தது. ஹிசிரும் சிரித்தான். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருந்த குலிசார் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த ஒரு சொல்தான் காதில் விழுந்தது. குறைகிறது. யாரைப் பிடிக்கலாம்.

படித்தவன் ஒரு வேடிக்கை சொன்னால் அது ரயிலை விட்டு இறங்கும்போதே வேடிக்கையாக இருப்பதில்லை. ரொட்டிக்கடை வரிசையில் அது செய்தியாகிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்து நடுவில் சூரியன் முகட்டைத் தாண்டி எட்டிப் பார்ப்பதே கொஞ்ச நேரம்தான். அந்த வருஷம் மேகமும் சேர்ந்துகொண்டு வாரக்கணக்கில் அதுவும் இல்லை. ஜனங்கள் ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மாஸ்கோவில் அரசாங்கம் இருக்குமா போகுமா என்று தெரியாத காலம் அது. கடையில் சோப்பு இல்லை, சர்க்கரை இல்லை. எல்லாம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்போது சூரியனும் இல்லாமல் போகும் என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

"என்ன குலிசார், எங்க சூரியனை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்றாள் வரிசையில் ஒருத்தி. "பையைக் காட்டு பாப்போம்."

குலிசார் உண்மையிலேயே பையைத் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் முன்னைப் போல் நீளமாகச் சிரிக்கவில்லை.

ரொட்டிக்கடையில் தராசுக்குப் பின்னால் நின்றது குலிசாரின் மகள் ஜன்னெத். ஏழு மாத வயிறு. புருஷன் வெளியூரில் லாரி ஓட்டினான்; இவள் அம்மா வீட்டில் இருந்தாள். ஊர்ப்பேச்சு முழுவதும் அவள் காதில்தான் முதலில் வந்து விழும். பத்து நாளாகப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. சாதாரணமாக உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து வெண்ணெய் தடவிச் சுட்ட கிச்சின் ரொட்டியை வைத்தால் தட்டைத் தேய்த்துத் தின்கிறவள், ஒன்றைப் பிய்த்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா திட்டமாட்டியே?"

"கேளு."

"சூரியன் நெஜமாவே அணையுதா?"

"யாருடி சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. அப்ப உன் கை ஒழுகுதா?"

குலிசார் தட்டை மகள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ரெண்டுல ஒண்ணுதானேம்மா? மூணாவது ஏதாச்சும் இருக்கா?" ஜன்னெத் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ராத்திரியெல்லாம் இது உள்ள உதைக்குது. எதுக்கு இவ்ளோ அவசரமா வரப் பாக்குதுன்னு தோணுது. எதைப் பாக்க வருதுன்னு."

குலிசாருக்கு மூன்றாவது எதுவும் தெரியாது. அன்று உலகத்தில் யாருக்குமே நிச்சயமாகத் தெரியாது.

சில நாளில் மாஸ்கோவிலிருந்து உத்தரவு வந்தது. முதலில் தொட்டியிலிருந்து எடுக்கிற வேலையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வதீம் ஒரு தொட்டியில் தானே எண்ணி வைத்த ஜெர்மேனியத்தைக் கலந்துவிடுவார். எத்தனை அணு என்று வேறு யாருக்கும் சொல்லமாட்டார். குலிசார் எப்போதும்போல் உறிஞ்சி எடுக்க வேண்டும். போட்டது முழுக்கத் திரும்பி வந்தால் அவள் கை சுத்தம். வராவிட்டால், இதுவரை குறைந்தது அவள் கையால்தான்.

"பயப்படாத குலிசார்," என்றார் வதீம். "உன்னைச் சோதிக்கல. வேலையத்தான் சோதிக்கிறோம்."

"வேலைய செய்யறது நான்தானே, வதீம் அர்கதியேவிச்."

வதீம் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குலிசார் ஒரு மூட்டை கட்டினாள். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, ஒரு சோப்பு, கொஞ்சம் உப்பு, காய்ந்த ரொட்டி, தடித்த பாவாடை ஒன்று. அப்பாவை வெறுங்கையோடு கூட்டிப் போனார்கள் என்று அவள் அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதது அவளுக்கு மறக்கவில்லை. மூட்டையைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். ஹிசிர் அதைப் பார்த்தான்.

"காலம் மாறிப்போச்சு," என்றான். "இப்பல்லாம் அப்படி யாரையும் பிடிச்சிட்டுப் போறதில்ல."

"எங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு, ஏங்க."

ஹிசிர் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. நான்கு வயதில் அந்தச் சரக்கு ரயிலில் போனவன் அவன். எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்து, கடைகளில் கிடைக்காத காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சிகரெட் பாக்கெட்டுகளை எடுத்து வந்து மூட்டைக்குள் திணித்தான். குலிசார் புகைபிடிக்கிறவள் இல்லை. உள்ளே போனால் எதையாவது வாங்க அது உதவும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதன் பிறகு அவளுக்கு இன்னும் அதிகமாகப் பயமாகிவிட்டது.

சோதனை நாளில் மாஸ்கோவிலிருந்து வந்த மூன்று பேர் அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். பக்கத்துத் தொட்டியில் வேலை செய்கிற ரயீசா, சின்னப் பெண், அளந்த அமிலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, கையப் பாருங்க," என்று மெதுவாகச் சொன்னாள்.

குலிசார் கையை இடுப்பில் அழுத்திப் பிடித்தாள். அமிலத்தை ஊற்றினாள். தொட்டிக்குள் கலக்கும் எந்திரம் ஓடியது. நின்றது. வெள்ளிபோல் பளபளத்த உலோகம் மெல்ல அடியில் படிந்தது. அதன் மேல் தண்ணீர் போல் அமிலநீர். அதில் அவள் முகம் தெரிந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை. குழாயை இறக்கினாள். பின்னால் ஒருவர் இருமினார். அவளுக்கு அது பூட்ஸ் சத்தம் போலக் கேட்டது. நிறுத்தினாள். மறுபடி இறக்கினாள். கடைசிச் சொட்டு ஏறும்வரை மூச்சு விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. பாத்திரத்தை மூடி ரயீசாவிடம் கொடுத்த பிறகு, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஜெர்மேனியத்தை உடனே எண்ண முடியாது. அது தானாக ஒவ்வொன்றாய்ச் சிதைந்து காட்டும்வரை கருவிக்குள் வைத்துக் காத்திருக்க வேண்டும். வாரங்கள் ஆகும். அந்த வாரங்களை அவள் எப்படித் தள்ளினாள் என்று கேட்கவேண்டாம். பாலைக் காய்ச்சினால் பொங்க விட்டாள். சாலையில் லாரி வேகம் குறைத்தால் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். ஜன்னெத்துக்கு முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, தாய் தின்னாவிட்டால் பிள்ளை தங்காது, இது விளையாட்டில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். ஜன்னெத் தலையாட்டினாள். வாயில் வைத்ததை விழுங்கத்தான் அவளால் முடியவில்லை.

முடிவு வருமென்று சொல்லியிருந்த நாளில், மதியத்துக்கு முன்னால் வதீம் தொட்டிக்கூடத்துக்குள் வந்தார்.

"குலிசார், இங்க வா."

அவள் போனாள்.

"போட்டது முழுக்க வந்துடுச்சு. ஒண்ணுகூட விடல நீ."

ரயீசா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "நான் சொன்னேன்ல அக்கா! சொன்னேன்ல!"

குலிசார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கவுனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்பா போன நாளிலிருந்து உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பயமே இல்லாமல் இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வதீமைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"வதீம் அர்கதியேவிச். என் கை சரின்னா, அப்ப குறையறது..."

"ம்."

"சூரியன்லயா?"

"அப்படித்தான் தெரியுது."

"மேல வெயில் அடிக்குதே?"

"வெளிச்சம் வேற, இது வேற. சூரியனோட வயித்துலேர்ந்து வெளிச்சம் மேல ஏறி வர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். நியூட்ரினோ எட்டு நிமிஷத்துல நேரா இங்க வந்துடும். உங்க வீட்டு அடுப்பு இருக்குல்ல, உள்ள நெருப்பு அணைஞ்சாலும் சுவரு ரொம்ப நேரம் சுடும்ல? அந்த மாதிரி."

"அப்ப உள்ள அணைஞ்சிடுச்சா?"

"நம்ம காலத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் அதைக் கேக்கல. அணைஞ்சிடுச்சா?"

"தெரியல குலிசார். சத்தியமா எனக்குத் தெரியல."

எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிற மனுஷன் வேடிக்கை இல்லாமல் பேசியதுதான் அவளை உலுக்கிவிட்டது. இப்போது நமக்குத் தெரியும், சூரியனில் ஒரு குறையும் இல்லை. வருகிற வழியில் நியூட்ரினோக்கள் வேறு வகையாக மாறிவிடுகின்றன. அந்த வகையைக் காலியத்தால் பிடிக்க முடியாது. அவ்வளவுதான். ஆனால் அதை வேறொரு தேசத்துச் சுரங்கத்தில் கண்டுபிடித்து உறுதி செய்ய இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தது. ஏழு மாதம் தாண்டி எட்டில் நிற்கிற வயிறு பத்து வருஷம் காத்திருக்காது.

ரயிலில் அன்று அவள் புருஷனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"போட்டதெல்லாம் வந்துடுச்சாம், ஏங்க."

ஹிசிர் ரயிலைச் சுரங்க நடுவிலேயே நிறுத்திவிட்டான். பின்பெட்டியிலிருந்து என்னய்யா என்று கத்தினார்கள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு இறைவனுக்கு நன்றி சொன்னான். பிறகு அவன் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"அப்ப..." என்றான்.

"ஆமா," என்றாள்.

ஹிசிர் ரயிலை மறுபடி கிளப்பினான். வெளியே மேகம். எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு வெளிச்சம்.

வீட்டில் ஜன்னெத் கிச்சின் சுட்டு வைத்திருந்தாள், சுட்டது அப்படியே இருந்தது. அம்மா கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் எழுந்து நின்றாள். அவளுக்கும் தெரியும், முடிவு வருகிற நாள் இதுதான் என்று.

"சொல்லும்மா. யாரு?"

குலிசார் மகளின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு கையும் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன. நாற்பது வருஷமாக எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்துவிடுமோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அந்த வார்த்தை உப்பு எடு என்பதுபோல அவள் வாயிலிருந்து வந்தது.

"நான்தாண்டி. என் கைதான் ஒழுகியிருக்கு."

ஹிசிர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்தான்.

"நெஜமாவா?" ஜன்னெத் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா?"

"ஆமாம்மா," என்றான் ஹிசிர். தொப்பியை ஆணியில் மாட்டினான். "வதீமே சொன்னாரு. இவ கைதான்."

"சூரியன் நல்லா இருக்கா?"

"அதுக்கென்ன. அது பாட்டுக்கு இருக்கு."

ஜன்னெத் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, ஒரு குழாயை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு? ஊரையே கதிகலங்க வெச்சிட்டியே. என் உசுரே போச்சு தெரியுமா? நாளைக்குக் கடையில ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லப்போறேன், எல்லாம் எங்கம்மா பண்ணின கூத்துன்னு."

"சொல்லு," என்றாள் குலிசார். "எல்லார்கிட்டயும் சொல்லு."

கதவுக்குப் பின்னால் மூட்டை இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஜன்னெத் வாய் நிறைய மென்றுகொண்டே இரண்டாவது கிச்சினை எடுத்தாள்.